கும்பகோணமா, தஞ்சாவூரா, ஸ்ரீரங்கமா: கோயில் பயணத்துக்கு எந்த ஊரில் தங்குவது?

போன வாரம் கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டுக்கு ஓர் அக்கா நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். டிசம்பர் பள்ளி விடுமுறைக்குத் திருச்சிக்கு டிக்கெட் எடுத்தாகிவிட்டது. 6 இரவுகள். கூட வருபவர்கள் 78 வயது மாமியார், கணவர், 15 வயது மகள், 9 வயது மகன். மாமியாருக்கு முட்டிவலி. நோட்டில் 27 கோயில்களின் பெயர்களை எழுதி வைத்திருந்தார். கடைசி வரி மட்டும் வேறு கையெழுத்து, நடுங்கிய எழுத்து: "அரசலாறு". அது மாமியார் எழுதியது. அவருடைய அம்மா அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து நாகப்பட்டினம் போய், ரஜூலா கப்பல் ஏறிப் பினாங்கில் இறங்கியவர். கிராமத்தின் பெயர் இப்போது வீட்டில் யாருக்கும் நினைவில் இல்லை. ஆற்றின் பெயர் மட்டும் தங்கிவிட்டது.

"எல்லாம் சரி, ரூம் எந்த ஊர்ல போடறது?" என்றார் அக்கா.

காவிரிக்கரைக்குப் போகிற நம் ஆட்கள் பலரும் கடைசியில் வந்து நிற்கிற கேள்வி இதுதான். கேட்டவர்களுக்கெல்லாம் வாயால் சொல்லிக்கொண்டிருந்ததை இப்போது எழுதி வைக்கிறேன். கோலாலம்பூரிலிருந்து திருச்சிக்கு நேரடி விமானம் இருக்கிறது, சுமார் 4 மணி நேரம். இறங்கிய பிறகு தங்குவதற்கு மூன்று ஊர்கள்தான் பேச்சில் வரும்: கும்பகோணம், தஞ்சாவூர், ஸ்ரீரங்கம். ஸ்ரீரங்கம் என்று நான் சொல்வதில் திருச்சி நகரமும் அடக்கம்.

## முதலில் எதைப் பார்க்க வேண்டும்

எந்தக் கோயில் பெரியது, எந்தக் கோயில் பழையது என்று பார்த்து ரூம் போடாதீர்கள். கோயிலின் நடை எப்போது சாத்துகிறது என்று பாருங்கள். அந்தப் பக்கத்துக் கோயில்களில் பெரும்பாலானவை மதியம் 12 அல்லது 12.30க்கு நடை சாத்திவிடும். மறுபடி திறக்க 4 மணி ஆகும். கோலாலம்பூரில் நாம் வேலை முடிந்து மாலையில் கோயிலுக்குப் போகிறவர்கள். அதனால் இந்த இடைவெளி நம் கண்ணில் படுவதே இல்லை.

நான் முதல் தடவை அம்மாவை அழைத்துக்கொண்டு போனபோது திருச்சியில் ரூம் போட்டேன். விமான நிலையம் பக்கம், வசதி, எல்லாம் சரியாகத்தான் தெரிந்தது. கும்பகோணத்துக்குத் தினமும் வேன். காலை 7.30க்குக் கிளம்பி, வழியில் பசியாறி, போய்ச் சேரும்போது 10.45. ஒரு கோயிலைப் பார்த்து முடித்து இரண்டாவது கோயில் வாசலுக்கு வந்தால் கதவு சாத்தியிருக்கும். அப்புறம் 4 மணி வரை எங்கே போவது? வேனிலேயே உட்கார்ந்திருந்தோம். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டு முன் சீட்டில் கால் நீட்ட இடம் தேடியது இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. கணுக்கால் இரண்டும் வீங்கியிருந்தன. 3 நாள் அப்படியே போயிற்று. அவர் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை, அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

கட்டில் கோயிலுக்குப் பக்கத்தில் இருந்தால் அதே 4 மணி நேரம் வரம். சாப்பிட்டுவிட்டு ஒரு தூக்கம் போடலாம், குளிக்கலாம், துணி மாற்றிக்கொண்டு 4.30க்கு மறுபடி புறப்படலாம். ஆக, முதல் அளவுகோல்: நீங்கள் பார்க்க நினைக்கும் கோயில்களில் எத்தனை, உங்கள் கட்டிலிலிருந்து 20 நிமிடத்துக்குள் இருக்கின்றன?

இரண்டாவது, கூட வருபவர்களில் வயதானவரின் கால். ஊரைவிட்டு ஊர் போகும் தூரம் காரில் கழிந்துவிடும். பிராகாரத்தை நடந்துதான் ஆக வேண்டும், படியை ஏறித்தான் ஆக வேண்டும். பத்துமலையின் 272 படிகளை மனதில் அளவாக வைத்துக்கொள்ளுங்கள், கீழே அந்தக் கணக்கில்தான் சொல்கிறேன்.

மூன்றாவது, ஆறும் கடைத்தெருவும். கோயிலை மட்டும் பார்த்துத் திரும்ப நம்மில் யாரும் அவ்வளவு தூரம் போவதில்லை. படித்துறையில் கால் நனைக்க வேண்டும், பாத்திரக்கடையில் பேரம் பேச வேண்டும். நான்காவது பணம், அதிலும் முன்கூட்டி யாரும் சொல்லாத செலவு. இதற்குத் தனியாக ஒரு பகுதி எழுதியிருக்கிறேன்.

விமான நிலையத்திலிருந்து எவ்வளவு தூரம் என்பதைக் கடைசியில் வையுங்கள். போகும்போது ஒருமுறை, வரும்போது ஒருமுறைதான் அந்தப் பயணம். ஆனால் தூரத்தை மட்டும் சரியாகத் தெரிந்துகொள்ளுங்கள். நம் மலேசியாவின் பிளஸ் நெடுஞ்சாலைக் கணக்கில் 95 கிலோமீட்டர் என்றால் ஒரு மணி நேரம் என்று நினைப்போம். திருச்சியிலிருந்து கும்பகோணம் அவ்வளவுதான் தூரம், ஆனால் 2 மணி நேரத்துக்கு மேல் எடுக்கும். ஊர் நெரிசலில் மாட்டினால் இரண்டரை.

| | கும்பகோணம் | தஞ்சாவூர் | ஸ்ரீரங்கம் |
|---|---|---|---|
| திருச்சி விமான நிலையத்திலிருந்து | சுமார் 95 கி.மீ. | சுமார் 55 கி.மீ. | சுமார் 15 கி.மீ. |
| மதிய இடைவெளியில் ரூமுக்குத் திரும்புவது | மிக எளிது | பெரிய கோயிலுக்கு மட்டும் எளிது | எளிது |
| முட்டிவலிக்காரருக்கு | நல்லது | வெயில்தான் சிரமம் | பிராகாரம் நீளம், ஆனால் உதவி உண்டு |
| ஆறு | ஊரை ஒட்டி, ஒடுக்கமாக | காவிரிக்கு 13 கி.மீ. போக வேண்டும் | அகலமாக, பக்கத்திலேயே |
| தேவையான இரவுகள் | 3 அல்லது 4 | 1 | 2 |

## கும்பகோணம்

வடக்கே காவிரி, தெற்கே அரசலாறு, நடுவில் ஊர். இந்த ஊரில் கோயிலையும் கடைத்தெருவையும் பிரிக்க முடியாது. ஆதி கும்பேஸ்வரர் கோயிலுக்குக் கிழக்கு வாசல் வழியாகப் போனால் சன்னதி வரும் முன்பே நீண்ட கல் மண்டபம், அதன் இரு பக்கமும் கடைகள். பித்தளைச் சொம்பு, தூபக்கால், குங்குமச் சிமிழ், கண்ணாடி வளையல், மரச் சொப்புச் சாமான். தூணுக்குத் தூண் ஒரு கடை. நம் பாசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், நடக்கிற மாதிரியே நின்று நின்று நடக்கிறோம், திடீரென்று கற்பூர வாசனை வருகிறது, நிமிர்ந்தால் கொடிமரம். என் அம்மா அந்த மண்டபத்தில் வாங்கிய சின்னப் பித்தளை மணியைத்தான் இன்றைக்கும் பூசையில் அடிக்கிறோம்.

அங்கிருந்து சாரங்கபாணி கோயில் நடக்கும் தூரம். 11 நிலை ராஜகோபுரம். பெருமாள் முழுக்கப் படுத்திருக்கவில்லை, எழுந்திருக்கப் போகிறவர்போல் சற்றே உயர்ந்து இருப்பார். திருமழிசை ஆழ்வார் "எழுந்திருந்து பேசு" என்று பாடியதற்காக எழத் தொடங்கிய கோலம் என்பது ஐதீகம். இந்தக் கதையைச் சன்னதிக்குப் போகும் முன் பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள், அவர்கள் தாங்களாகவே உற்றுப் பார்ப்பார்கள்.

அதே சாரங்கபாணி சன்னதித் தெருவில்தான் கணித மேதை ராமானுஜன் வளர்ந்த வீடு. ஓட்டு வீடு, திண்ணை, ஜன்னலோரம் ஒரு கட்டில், பின்னால் கிணறு. இப்போது நினைவில்லமாக வைத்திருக்கிறார்கள். எஸ்பிஎம் பள்ளி இறுதித் தேர்வுக்குக் கணக்கோடு மல்லுக்கட்டுகிற பிள்ளை கூட இருந்தால் இந்த 15 நிமிடத்தை விட்டுவிடாதீர்கள். கோபுரங்களைக் கண்டு அலுத்துப்போன பிள்ளைகள் இந்த வீட்டில் அமைதியாக நின்றதை நான் பார்த்திருக்கிறேன்.

நாகேஸ்வரன் கோயிலைத்தான் பலர் தவறவிடுகிறார்கள். பட்டியலில் கடைசியாக எழுதுவார்கள், நேரம் போதாமல் விட்டுவிடுவார்கள். சோழர் ஆட்சியின் தொடக்க காலத்துக் கோயில், ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆயிற்று. கருவறையின் வெளிச்சுவரில், மாடங்களில் நிற்கும் உருவங்களைப் பாருங்கள். தெய்வங்களுக்கு நடுவே ஆணும் பெண்ணுமாய்ச் சில மனித உருவங்கள், ஏறக்குறைய ஆளுயரம். யார் என்று உறுதியாகச் சொல்ல முடியாத முகங்கள். ஆனால் கல் என்று தோன்றாது, யாரோ நம்மைப் பார்த்துப் பேச வாயெடுத்த மாதிரி இருக்கும். சித்திரை மாதத்தில் சில நாள்கள் காலைச் சூரியன் நேராக லிங்கத்தின் மேல் விழும்.

ராமசாமி கோயில் நாயக்கர் காலத்தது. ராமரும் சீதையும் பட்டாபிஷேகக் கோலத்தில் ஒரே ஆசனத்தில் இருக்க, அனுமார் கையில் வீணையோடு இருப்பார். பிராகாரச் சுவர் முழுக்க ராமாயணம் ஓவியமாக ஓடுகிறது. மகாமகக் குளம், சுற்றிலும் 16 மண்டபங்கள், பக்கத்திலேயே காசி விசுவநாதர். இவையெல்லாம் ஒரு ஆட்டோவில் சில நிமிடம். நிறையப் படி ஏற வேண்டிய இடம் ஊருக்குள் கிடையாது. ஊருக்கு வெளியே சுவாமிமலையில் மட்டும் 60 படிகள், தமிழ் ஆண்டுகள் அறுபதைக் குறிப்பவை. பத்துமலையில் கால்வாசிக்கும் குறைவு.

கும்பகோணத்தின் உண்மையான பலம் ஊரைச் சுற்றித்தான் இருக்கிறது. தாராசுரம் 4 கிலோமீட்டர். இரண்டாம் ராஜராஜன் கட்டியது, 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. பெரிய கோயில் போல நம்மை மலைக்க வைக்காது, குனிந்து பார்க்க வைக்கும். ஒரு கல்லில் யானையும் காளையும் ஒரே தலையைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கும். கையால் ஒரு பக்கத்தை மறைத்தால் யானை, மறு பக்கத்தை மறைத்தால் காளை. 9 வயதுப் பையனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? கீழ்வரிசையில் நாயன்மார் கதைகள் சின்னச் சின்னச் சிற்பங்களாக ஓடும்.

திருநாகேஸ்வரம் 6 கிலோமீட்டர், அதை ஒட்டியே ஒப்பிலியப்பன் கோயில், அங்கே பிரசாதத்தில் உப்பு போடுவதில்லை. ஞாயிற்றுக்கிழமை ராகுகாலம் மாலை 4.30 முதல் 6 வரை. திருநாகேஸ்வரத்தில் ராகுவுக்குப் பாலபிஷேகம் பார்க்க வேண்டும் என்பவர்கள் ரூமில் காபி குடித்துவிட்டு 4 மணிக்குக் கிளம்பினால் போதும். சூரியனார் கோயில், கஞ்சனூர், ஆலங்குடி எல்லாம் 20 கிலோமீட்டருக்குள். ஆனால் வைத்தீஸ்வரன் கோயில், திருவெண்காடு, கீழப்பெரும்பள்ளம், திருநள்ளாறு என்று கிழக்கே போனால் 50 கிலோமீட்டரும் அதற்கு மேலும் ஆகும். "நவக்கிரகம் ஒன்பதும் ஒரே நாளில்" என்று பேக்கேஜ் விற்கிறார்கள். வயதானவர்களை அதில் ஏற்றாதீர்கள். விடியுமுன் கிளம்பி இரவு திரும்பி, ஒவ்வொரு சன்னதியிலும் ஓட்டமும் நடையுமாய் 10 நிமிடம் நிற்பதைத் தரிசனம் என்று எனக்குச் சொல்ல மனம் வரவில்லை. கிழக்கு நான்கையும் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஒரு இரவு மயிலாடுதுறையில் தங்கிக்கொள்ளுங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். ஆறு ஏமாற்றும். கல்லணையில் காவிரி கிளை கிளையாகப் பிரிந்த பிறகுதான் கும்பகோணத்துக்கு வருகிறது, அதனால் இங்கே ஒடுக்கமான ஆறுதான். கடல்போல் விரிந்த காவிரி மனதில் இருந்தால் அதை ஸ்ரீரங்கத்தில் பாருங்கள். கும்பகோணத்தின் அழகு படித்துறையில் இருக்கிறது: தேய்ந்த கல், துணி அலசுகிற பெண்கள், சின்னப் பிள்ளையார். தெருக்கள் குறுகல், ஹாரன் சத்தம் ஓயாது. டிசம்பரில் அடைமழை பிடித்தால் பிராகாரக் கல் வழுக்கும். வசதியான தங்குமிடங்கள் திருச்சி அளவுக்கு இல்லை.

சாப்பாட்டில் குறை சொல்ல ஒன்றுமில்லை. காலையில் இட்லிக்குக் கடப்பா கிடைக்கிற இடமாகப் பாருங்கள். உருளைக்கிழங்கும் பாசிப்பருப்பும் சேர்ந்த குழம்பு, இந்தப் பக்கத்துக்கே உரியது. அப்புறம் டிகிரி காபி, பித்தளை டபராவில். டம்ளரைத் தொட்டால் விரல் சுடும், நுரை விளிம்பைத் தாண்டி நிற்கும். அம்மா முதல் வாய் குடித்துவிட்டு, "எங்கம்மா போட்ட காபி" என்றார்.

## தஞ்சாவூர்

பெரிய கோயிலை யாரும் விடமாட்டார்கள், விடவும் கூடாது. ராஜராஜன் 1010இல் முடித்த கோயில், 200 அடி உயரத்தைத் தாண்டிய விமானம். மலேசியாவிலிருந்து போகிறவர்கள் இன்னொன்றையும் தேட வேண்டும். அந்தக் கோயில் சுவரில் ராஜேந்திரனின் கடல் கடந்த படையெடுப்பைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. அதில் கடாரம் வருகிறது, இலங்காசோகம் வருகிறது. நம் கெடா, நம் லங்காசுகா. சுங்கை பட்டாணியில் பிறந்த என் கணவர் விளக்கக் கையேட்டைப் பிடித்துக்கொண்டு அந்தச் சுவரின் முன் வெகுநேரம் நின்றார். எழுத்தை வாசிக்க வரவில்லை, ஆனால் சுவரை விட்டு நகரவும் மனமில்லை.

ஆனால் தங்குவதற்குத் தஞ்சாவூரைப் பலர் தேர்ந்தெடுப்பது ஒரு தப்புக் கணக்கில்: "நடுவுல இருக்கே, ரெண்டு பக்கமும் போயிட்டு வந்துடலாம்". நடுவில் இருப்பதால்தான் தினமும் இரண்டு பக்கமும் ஓட வேண்டியிருக்கிறது. கும்பகோணம் 40 கிலோமீட்டர், ஒரு மணி நேரத்துக்கு மேல். மதியம் திரும்பி வந்து படுக்க முடியாது. தஞ்சாவூர் காவிரியின் மேலும் இல்லை, காவிரி வேண்டுமென்றால் 13 கிலோமீட்டர் தள்ளித் திருவையாறு போக வேண்டும். பெரிய கோயிலின் முற்றம் திறந்த வெளி, வெயில் ஏறினால் கல் கொதிக்கும். கயிற்றுப் பாய் விரித்திருப்பார்கள், இருந்தாலும் 10 மணிக்கு மேல் வயதானவர்களை அழைத்துப் போகாதீர்கள். மாலை 5 மணிக்குப் போய், விளக்கு போடும் வரை புல்தரையில் உட்கார்ந்திருங்கள்.

ஓவியம், சிற்பம், பழைய சுவடி என்று ஆர்வம் உள்ளவர்களுக்குத் தஞ்சாவூர்தான் சரி. அரண்மனைக் கலைக்கூடத்தின் வெண்கலங்கள், சரஸ்வதி மகால் நூலகம், தஞ்சாவூர் ஓவியம் எழுதுகிற பட்டறைகள் என்று 2 நாள் நிறைந்துவிடும். மற்றவர்களுக்கு வழியில் ஒரு மாலை போதும்.

## ஸ்ரீரங்கம், திருச்சி

காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவே தீவு. கோயில் 156 ஏக்கர், 7 பிராகாரங்கள். வெளிப் பிராகாரங்களில் வீடுகளும் கடைகளும் இருக்கின்றன, பால்காரர் சைக்கிளில் போகிறார், பள்ளிப் பிள்ளைகள் ஓடுகிறார்கள். கோயிலுக்குள் ஊர் என்றே சொல்லலாம். தெற்கு ராஜகோபுரம் நூற்றாண்டுகளாக அடிப்பகுதியோடு மொட்டையாக நின்று, 1987இல்தான் முழுமை பெற்றது.

ஸ்ரீரங்கத்தில் தங்குகிறவர்களுக்கு நம் ஊரிலிருந்து போவதால் ஒரு வசதி தானாகவே கிடைக்கிறது. நமக்கும் அவர்களுக்கும் இரண்டரை மணி நேர வித்தியாசம். இங்கே 6.30க்கு எழுகிற பாட்டிக்கு அங்கே 4 மணிக்கே விழிப்பு வந்துவிடும். விடிகாலை விசுவரூப தரிசனத்துக்கு அவர்தான் முதலில் தயாராக நிற்பார். பசுவும் யானையும் சன்னதி முன் வந்து நிற்க, வீணை ஒலிக்க, நாளின் முதல் தரிசனம். வந்த முதல் 2 நாளிலேயே இதைப் பார்த்துவிடுங்கள், அப்புறம் உடம்பு உள்ளூர் நேரத்துக்குப் பழகிவிடும்.

நடை அதிகம்தான், ஆனால் முடியாதவர்களுக்குப் பேட்டரி வண்டி ஓடுகிறது, சக்கர நாற்காலியும் கேட்கலாம். பக்கத்தில் திருவானைக்காவல். மற்ற கோயில்கள் நடை சாத்தத் தயாராகும் மதிய வேளையில் இங்கே அர்ச்சகர் புடவை கட்டி, அகிலாண்டேஸ்வரியின் சார்பாகச் சிவனுக்கு உச்சிக்காலப் பூசை செய்ய மேளத்தோடு போவார். வெறும் வெயில் நேரம் என்று நாம் நினைக்கும் பொழுதில் கிடைக்கிற காட்சி இது. சமயபுரத்து மாரியம்மனுக்கு நேர்த்திக்கடன் உள்ளவர்களுக்கும் இங்கிருந்து பக்கம். உச்சிப் பிள்ளையாருக்கு 400க்கு மேல் படிகள், பத்துமலை போல ஒன்றரை மடங்கு. முட்டிவலிக்காரரைக் கீழே தெப்பக்குளத்துப் பக்கம் உட்கார வைத்துவிட்டு மற்றவர்கள் ஏறலாம்.

திதி கொடுக்க, அஸ்தி கரைக்க வருகிறவர்களுக்கு அம்மா மண்டபம் படித்துறைதான் சரியான இடம். ஆறு அகலம், புரோகிதர்கள் அங்கேயே இருப்பார்கள், காரியம் முடிந்து குளித்துவிட்டு ரூமுக்கு 10 நிமிடத்தில் திரும்பிவிடலாம். உடல்நிலை சரியில்லாதவர் கூட வந்தால் பெரிய மருத்துவமனைகள் பக்கத்தில் இருப்பதும் திருச்சிக்குச் சாதகம்.

மார்கழியில் ஒரு எச்சரிக்கை. வைகுண்ட ஏகாதசியை ஒட்டிப் பகல்பத்து, இராப்பத்து என்று 3 வாரம் போல் திருவிழா. லட்சக்கணக்கில் கூட்டம் வரும், ரூம் வாடகை ஏறிவிடும். டிசம்பர் விடுமுறை பல ஆண்டுகளில் இதோடு மோதும். தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

## யாரும் முன்கூட்டிச் சொல்லாத செலவுகள்

கார் வாடகையில்தான் கணக்கு பெரும்பாலும் தவறும். வெளியூர் வண்டிகளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை கிலோமீட்டர் என்று குறைந்தபட்சக் கணக்கு உண்டு, ஓடினாலும் ஓடாவிட்டாலும் கொடுக்க வேண்டும். அதற்கு மேல் ஓட்டுநர் பேட்டா, டோல், பார்க்கிங். திருச்சியில் தங்கிக் கும்பகோணம் பார்க்கிறவர்கள் தினமும் 190 கிலோமீட்டரை வீணாக ஓட்டுகிறார்கள். கும்பகோணத்தில் தங்கினால் ஊருக்குள் ஆட்டோ போதும், வெளிக் கோயில்களுக்கு மட்டும் 2 நாள் கார். திருநள்ளாறு காரைக்காலில் இருக்கிறது, அது புதுச்சேரி எல்லை. வண்டிக்கான பர்மிட் செலவு யார் தலையில் என்று கிளம்பும் முன்பே கேளுங்கள்.

அடுத்தது நம் மலேசியச் சிவப்புப் பாஸ்போர்ட். வெளிநாட்டவர் தங்கினால் தங்குமிடம் 24 மணி நேரத்துக்குள் 'சி படிவம்' பதிவு செய்ய வேண்டும். சின்ன லாட்ஜ்கள் பலவற்றில் அந்த ஏற்பாடு கிடையாது. ஒருமுறை இரவு 11 மணிக்கு, பணம் கட்டி முன்பதிவு செய்திருந்த ஒரு விடுதியின் வாசலில், எங்கள் பாஸ்போர்ட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "ஃபாரினர்ஸ் எடுக்க மாட்டோம்மா" என்று சொல்லிவிட்டார்கள். தமிழில்தான் பேசிக்கொண்டிருந்தோம், முகமும் அவர்கள் முகம் மாதிரிதான். மனசு ரொம்பக் கஷ்டப்பட்டது. வேறு இடம் கிடைக்கும்போது மணி 1. பதிவு செய்யும் முன் போன் போட்டு, "மலேசியப் பாஸ்போர்ட், சி படிவம் போடுவீங்களா?" என்று நேராகக் கேளுங்கள்.

பித்தளை எடை. நாச்சியார்கோயில் குத்துவிளக்கு அங்கே வாங்கினால்தான் திருப்தி, நானும் வாங்கினேன். அடிப்பகுதி, தண்டு, எண்ணெய்த் தட்டு, உச்சியில் அன்னம் என்று திருகிக் கழற்றலாம், பெட்டிக்குள் அடங்கும். ஆனால் 3 அடி விளக்கைக் கையில் எடுத்தால் 10 கிலோ அரிசிப் பை மாதிரி இருந்தது. திரும்பும் டிக்கெட்டில் கூடுதல் எடையை முன்பே இணையத்தில் வாங்கிவிடுங்கள், கவுண்டரில் கட்டினால் விளக்கு விலையில் பாதி போய்விடும். சுவாமிமலையில் வெண்கலச் சிலை வாங்குகிறவர்கள், அது பழம்பொருள் இல்லை என்பதற்கான சான்றிதழைக் கடையிலேயே ஏற்பாடு செய்து தரச் சொல்லுங்கள். அது இல்லாமல் விமான நிலையத்தில் நின்றால் பேச்சு நீளும். கும்பகோணம் வெற்றிலைக்கு 2025இல் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, கொழுந்து வெற்றிலை அவ்வளவு நன்றாக இருக்கும். அங்கேயே போட்டுவிட்டு வாருங்கள், பச்சை இலைகளையும் செடிகளையும் அனுமதி இல்லாமல் இங்கே கொண்டுவர முடியாது.

சில்லறை ரூபாய் நிறைய வைத்துக்கொள்ளுங்கள். பூக்காரம்மாகூட போனில் ஸ்கேன் செய்யச் சொல்கிறார், நம் இ-வாலட்டை நம்பிப் போகாதீர்கள்.

## எந்த மாதம் என்பதையும் சேர்த்து

மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் விடுவது வழக்கமாக ஜூன் 12 முதல் ஜனவரி 28 வரை. மழை ஏமாற்றினால் மாறும். மார்ச், ஏப்ரல், மே மாதங்களில் போனால் கும்பகோணத்திலும் ஸ்ரீரங்கத்திலும் பெரும்பாலும் மணல்தான் பார்ப்பீர்கள். ஆற்றுக்காகவே போகிறவர்கள் ஆடிப்பெருக்கை ஒட்டி, ஆகஸ்டில் போகலாம்.

12 ஆண்டுக்கு ஒருமுறை வரும் மகாமகம் கடைசியாக 2016 பிப்ரவரியில் நடந்தது, அடுத்தது 2028 மாசியில். அந்த நேரத்தில் மட்டும் என் ஆலோசனை தலைகீழ். 1992 மகாமகத்தில் நெரிசலில் உயிர்ப்பலி நடந்ததை நம் வீட்டுப் பெரியவர்கள் இன்னும் சொல்வார்கள். வயதானவர்கள், சிறுபிள்ளைகள் கூட இருந்தால் தஞ்சாவூரில் தங்கி, தீர்த்தவாரி நாளைத் தவிர்த்து, முன்னாலோ பின்னாலோ ஒரு நாள் குளத்துக்குப் போய் வாருங்கள்.

## அக்காவின் 6 இரவுகள்

மொத்தமே 3 இரவு என்றிருந்தால் ஸ்ரீரங்கத்தை விட்டு நகராதீர்கள் என்று சொல்லியிருப்பேன். தஞ்சாவூருக்கு ஒரு மாலை, அவ்வளவுதான். அக்காவுக்கு 6 இருக்கிறது. அதனால் முதல் இரவு ஸ்ரீரங்கம், விமானம் இரவில் இறங்குகிறது. மறுநாள் விடிகாலை விசுவரூபம், அப்புறம் திருவானைக்காவல் உச்சிக்காலப் பூசை. ஊர் மாறுவதை எப்போதும் நடை சாத்தியிருக்கும் நேரத்தில் வைத்துக்கொள்ளுங்கள், தரிசன நேரம் கொஞ்சமும் வீணாகாது. பூசை முடிந்து சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினால் 4 மணிக்குக் கும்பகோணம். அங்கே 4 இரவுகள். கிளம்பும் நாள் காலை நாகேஸ்வரனைப் பார்த்துவிட்டு மதியம் தஞ்சாவூர், அரண்மனை, 5 மணிக்குப் பெரிய கோயில், இரவு திருச்சி. கடைசி இரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில்.

இருவரும் உட்கார்ந்து பட்டியலை வெட்டினோம். 27 கோயில் 14 ஆயிற்று. கிழக்குக் கோயில்கள் நான்கும் போயின, அக்காவுக்கு வைத்தீஸ்வரன் கோயிலை விட மனமே வரவில்லை, அதை அடுத்த தடவைக்கு என்று தனிப் பக்கத்தில் எழுதிக்கொண்டார். கடைசி வரிக்கு வந்தோம்.

அரசலாறு ஊரின் தெற்கு ஓரத்தில் ஓடுகிறது. எங்கே தங்கினாலும் ஆட்டோவில் 10 நிமிடம். டிசம்பரில் தண்ணீர் இருக்கும். மாமியாரைப் படித்துறையில் இறக்காமல், முதலில் பாலத்தின் மேல் ஆட்டோவை ஓரமாக நிறுத்தி உட்கார்ந்தபடியே பார்க்கச் சொல்லுங்கள், கால் ஒத்துழைத்தால் அப்புறம் கீழே இறங்கலாம் என்றேன். அக்கா மூன்றாம் நாள் மதியம் 3 மணிக்கு நேராக அதை எழுதி, கீழே இரண்டு கோடு போட்டார்.